மூன்றுக்கு மேல் சொல்வதில்லை

பேருந்து நிலையத்தின் விசாரணை ஜன்னலில் உட்கார்ந்திருந்தவளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை பேருக்குப் பதில் சொல்கிறோம் என்ற கணக்கெல்லாம் கிடையாது. சாயங்காலம் தொண்டை கட்டியிருந்தால் அன்றைக்குக் கூட்டம் அதிகம், கட்டாவிட்டால் குறைவு, அவ்வளவுதான். பதினாறு வருஷமாக அதே நாற்காலி, அதே கண்ணாடி. கண்ணாடியில் வாய் உயரத்துக்கு ஒரு வட்ட ஓட்டை. யாருடைய வாயை அளந்து போட்டார்களோ தெரியாது. குட்டையானவர்கள் எம்பிக் கேட்டார்கள், நெட்டையானவர்கள் முதுகை வளைத்துக் கேட்டார்கள். ஜன்னலுக்கு மேலே 'விசாரணை' என்று எழுதியிருந்ததால் ஊருக்கே அவள் விசாரணையக்கா ஆகிப்போனாள். வீட்டில் "எங்க போனீங்க, ஏன் இவ்ளோ நேரம்?" என்று வாயைத் திறந்தாலே புருஷன், "அம்மா தாயே, ஜன்னலை மூடு, ட்யூட்டி முடிஞ்சிருச்சு" என்று கையெடுத்துக் கும்பிடுவார்.

காலையில் எல்லோரும் பஸ்ஸைக் கேட்பார்கள். பத்து மணிக்கு மேல் கழிப்பறையைக் கேட்பார்கள். பன்னிரண்டு அடித்தால் ஒரே கேள்விதான்: "பக்கத்துல நல்ல சாப்பாடு எங்க கிடைக்கும்?" அவளுக்குப் பதில் வாயிலேயே இருக்கும். "எதிர்ல கண்ணாடிக்கதவு வெச்ச கண்ணாடிக்கடை, வலது பக்கம் திரும்பினா மூலைக்கடை, படி ஏறினா மாடிக்கடை. அடுத்து யாரு?"

மூன்றுக்கு மேல் சொல்லமாட்டாள். அது அவள் வேலையில் சேர்ந்த முதல் வருஷமே கண்டுபிடித்த ரகசியம். நான்கு சொன்னால் மனுஷன் தலையைத் தலையை ஆட்டிவிட்டுப் பத்தடி போவான், திரும்பி வந்து "முதல்ல என்ன சொன்னீங்க?" என்பான். மூன்று சொன்னால் போனவன் போனவன்தான். பசித்தவன் மண்டையில் மூன்றுக்கு மேல் ஏறாது என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அவள் சொல்லிக்கொடுப்பாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, இல்லாமல் என்ன!

புருஷன் ஹீட்டர்காரர். குளியலறைச் சுவரில் மாட்டுகிற வெந்நீர் ஹீட்டர்களைப் பழுது பார்ப்பது தொழில். மழைக்காலம் வந்தால்தான் அவருக்கு அறுவடை. இந்த வருஷம் மழை வந்து மூன்று வாரம் ஆகியும் போன் அவ்வளவாக அடிக்கவில்லை. பழைய வாடிக்கைக்காரர்கள் கூப்பிட்டார்கள், புதிதாக ஒரு குருவி கூப்பிடவில்லை. அதற்காக வீட்டில் அடுப்பு எரியாமல் போகவில்லை. அவளுக்குச் சம்பளம் வருகிறது, கூடவே இருக்கும் நாத்தனார் கோர்ட்டில் டைப்பிஸ்ட். ஹீட்டர்காரருக்கு உறுத்தியது வேறு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வீட்டில் வாளித் தண்ணீரில் கை வைத்த பெண்ணை ஷாக் தூக்கி அடித்துவிட்டது. பிழைத்தது பெரும் பாடு. இவர் போய் ஹீட்டரைக் கழற்றிப் பார்த்தால், பச்சை நிற எர்த் ஒயரை எதிலும் முடுக்காமல் மடித்து உள்ளே செருகிவிட்டுப் போயிருக்கிறார்கள், மாட்டிய புண்ணியவான்கள். அதே கம்பெனி ஹீட்டர் இருந்த வீடுகளில் எல்லாம் போய்ப் பார்த்தார். பதினோரு வீட்டில் அதே கதை. மனுஷனுக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நோட்டில் பென்சிலால் எழுதினார், தங்கை டைப் அடித்துக் கொடுத்தாள், தன் போனில் எடுத்த படங்களையும் சேர்த்து இணையத்தில் ஒரு பக்கம் போட்டார்: 'குளிக்கப் போகும் முன் இந்தப் பச்சை ஒயரைப் பாருங்கள்'. முதல் வருஷம் எங்கெங்கிருந்தோ போன் வந்தது. ஒருவர் வேலைக்குக் கூப்பிடக்கூட இல்லை. "பாத்தேங்க, நீங்க சொன்ன மாதிரியே இருந்துச்சு. எம்பொண்ணு தினமும் அதுலதான் குளிச்சுக்கிட்டிருந்தா" என்று சொல்லிவிட்டு அழுதார். அந்த அழுகையை ஹீட்டர்காரர் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார் என்று கேட்காதீர்கள்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் பல் தேய்த்து முகம் துடைத்ததும் முதல் வேலை, போனில் 'ஹீட்டர் ஷாக்' என்று தேடுவது. அவருடைய பக்கம் முதலாவதாக வந்து நிற்கும். அமுக்கித் திறந்து, தான் எழுதியதையே கடைசி வரி வரைக்கும் படிப்பார். தூங்குகிற குழந்தையைப் பார்க்கிற முகத்தோடு படிப்பார். பிறகுதான் டீ.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் புதுப் போன் வாங்கிவந்தாள். வெளியே மழை சோவென்று கொட்டியது. சமையலறையில் பருப்பு கொதித்தது, அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"போன் நல்லாத் தேடுதான்னு பாக்கணும்னா ஹீட்டர் ஷாக்னு போட்டுப் பாரு" என்றார் ஹீட்டர்காரர், ஒன்றும் தெரியாதவர்போல.

நாத்தனார் போட்டாள். விரலால் தள்ளினாள். இன்னும் தள்ளினாள். நெற்றி சுருங்கியது.

"என்னடி தேடுற? முதல்லயே இருக்குமே!"

"இல்லண்ணா. ஹீட்டர் விக்கிறவங்கதான் வராங்க. பத்து சிறந்த ஹீட்டர்கள்... தள்ளுபடி... பிளாஸ்டிக் வாளி... இரு, அடுத்த பக்கம் பாக்கறேன்."

அடுத்த பக்கத்திலும் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. 'வெந்நீர் கனவில் வந்தால் என்ன பலன்' என்று ஒரு பக்கம் வந்தது. ஹீட்டர்காரர் போனைப் பிடுங்கித் தானே தள்ளினார். ஆறாவது பக்கத்தில், ஏழாவதாக, பச்சை ஒயர் கிடந்தது.

"கனவுக்குப் பலன் சொல்றவன் மூணாவது பக்கம், நான் ஆறாவது பக்கமா?"

"உன் போன்ல தினமும் நீயே அதைத் தேடி அமுக்குற. சரி, இவருக்கு இதான் வேணும்போலன்னு அது உனக்கு முதல்ல காட்டுது. மத்தவங்களுக்கு இப்படித்தான் போல."

"அப்ப ஒரு வருஷமா இந்தத் தேடற கம்பெனிக்காரன் என் முன்னாடி மட்டும் என்னைத் தூக்கி வெச்சுட்டு, ஊருக்கு மறைச்சிருக்கான்!" ஹீட்டர்காரர் எழுந்து நின்றுவிட்டார். "இது தணிக்கை. சினிமாவுக்கு சென்சார் பண்ற மாதிரி என்னை சென்சார் பண்ணிட்டான்!"

சாப்பாட்டில் உட்கார்ந்தும் அது அடங்கவில்லை. அவள் சோறு போடப்போட அவர் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குப் போகவில்லை.

"அண்ணா, கோர்ட்டுல பன்னண்டு வருஷமா டைப் அடிக்கறேன். தணிக்கைன்னா ஒருத்தன் இதைச் சொல்லாதேன்னு உத்தரவு போடணும். உன்னை யாரு சொல்லாதேன்னா? உன் பக்கம் இருக்கே, ஆறாவது பக்கத்துல."

"ஆறாவது பக்கத்துல இருக்கறதும் ஆத்துக்கு அடியில இருக்கறதும் ஒண்ணுதான். புஸ்தகத்தை எரிச்சாத்தான் குத்தமா? அலமாரிக்குப் பின்னால தள்ளிட்டா குத்தமில்லையா?"

"எல்லாரையும் முன்னாடி நிக்கவெக்க முடியுமா? ஒருத்தர் முன்னாடி நின்னா இன்னொருத்தர் பின்னாடிதான் நிக்கணும்."

"நிக்கட்டும். யாரு முன்னாடி நிக்கறா பாரு! ஹீட்டர் விக்கிறவன் முன்னாடி. ஹீட்டர் ஆளைக் கொல்லும்னு சொல்றவன் பின்னாடி. சும்மாவா நிக்கவெப்பான்? காசு வாங்கியிருக்கான்."

"ஆதாரம்?"

"என்னடி ஆதாரம்? கண்ணு முன்னாடி இருக்கே."

"கண்ணு முன்னாடி இருந்தா கோர்ட்டு எதுக்கு?" என்று நாத்தனார் மோரை ஊற்றிக்கொண்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் பழுது பார்ப்போர் சங்கத்துக் கூட்டம். பம்புக்காரர், மிக்சிக்காரர், ஏசிக்காரர் என்று நாற்பது பேர் வருவார்கள். அங்கே ஒரு மனு படிக்கப் போவதாக ஹீட்டர்காரர் அறிவித்தார். அந்த ஹீட்டர் கம்பெனி காசு கொடுத்தது, தேடுகிற கம்பெனி வாங்கிக்கொண்டு தணிக்கை செய்தது, இரண்டு பேர் மேலும் நடவடிக்கை வேண்டும். கம்பெனிப் பெயரோடு படிப்பார், எல்லோரிடமும் கையெழுத்து வாங்குவார், பத்திரிகைக்கு அனுப்புவார்.

"பேரோட படிச்சா ஒரே வாரத்துல வக்கீல் நோட்டீஸ் வரும். அந்த மாதிரி நோட்டீஸ்தான் நான் தினமும் அடிக்கறேன். கையெழுத்துப் போட்ட நாப்பது பேருக்கும் வரும். அப்புறம் உன்னைப் பாத்தா தெருவுல எதிர்ப்பக்கமா நடப்பாங்க" என்றாள் தங்கை.

"வரட்டும்."

அவளுக்குப் பயமாக இருந்தது. இருபது வருஷத்தில் இந்த மனுஷன் கூட்டத்தில் வாயைத் திறந்ததே இல்லை. திறக்கிற முதல் தடவையே இப்படியா? "ஏங்க, கம்பெனி பேரு இல்லாமப் படிச்சா என்ன?" என்று மெல்லக் கேட்டாள்.

"நீயும் அவங்க பக்கம் சேந்துட்டியா?" என்றார். அவர் தட்டில் கீரை அப்படியே இருந்தது.

செவ்வாய்க்கிழமையும் மழை. பஸ்களெல்லாம் சேறு அப்பிக்கொண்டு வந்து நின்றன. நனைந்த குடைகளும் மூட்டைகளுமாக ஜனம் ஜன்னலை மொய்த்தது. கண்ணாடியில் மூச்சு படிந்து, கேட்கிறவர்கள் முகமே தெரியவில்லை. மூன்று மணிக்குக் கொஞ்சம் ஓய்ந்தபோது ஒரு கை வெளியிலிருந்து கண்ணாடியைத் துடைத்தது. தகரக்கடைக்காரி.

தகரக்கடை பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கம், பழைய டயர் கிடங்கை ஒட்டினாற்போல் இருந்தது. புருஷனும் பெண்டாட்டியுமாக நடத்தும் சின்னச் சாப்பாட்டுக்கடை.

"மலைப்பக்கம் போற பஸ்ஸு எத்தனை மணிக்குக்கா?"

"நாலரைக்கு ஒண்ணு, ஏழுக்கு ஒண்ணு. ரெண்டாவது மேடை. என்ன, ஊருக்கா?"

"அண்ணன் அங்க இருக்கு. அங்கயே வந்து கடை போடுன்னு சொல்லுது. இடம் பாத்துட்டு வரலாம்னு." அவள் நகரவில்லை. முந்தானையால் ஈரக் கையைத் துடைத்தாள். "ஒண்ணு கேக்கலாமாக்கா? கோவிச்சுக்கக் கூடாது."

"கேளு. கேக்கறதுக்குத்தானே ஜன்னல்."

"நான் என்னக்கா தப்புப் பண்ணேன்?"

அவளுக்குப் புரியவில்லை.

"முன்னெல்லாம் நீங்க எங்க கடைப் பேரைச் சொல்வீங்க. மத்தியானம் ஒரு முப்பது பேராவது உங்க வாய்ச்சொல்லுல வருவாங்க. காத்துல கூரை போச்சுல்ல, நாப்பது நாள் மூடிக் கெடந்தோம்ல, அதுக்கப்புறம் நீங்க சொல்றதே இல்ல. தொறந்த அன்னிக்கு உங்களுக்குக் கேரியர்ல சாப்பாடு குடுத்துவிட்டேன். திருப்பி அனுப்பிட்டீங்க. அப்பவே தெரிஞ்சுது, ஏதோ கோவம்னு."

"அடிப்பாவி! ஜன்னல்ல உக்காந்து ஒண்ணும் வாங்கக் கூடாதுன்னு ஆபீசு ரூலும்மா. யாரு குடுத்தாலும் திருப்பித்தான் அனுப்புவேன்."

"எனக்கு எப்படிக்கா தெரியும்? ரெண்டு வருஷமா யோசிக்காத நாளில்ல. உங்க வீட்டுக்காரர் ஒருநாள் சாப்பிட வந்தாரே, அன்னிக்கு உப்புக் கூடிப்போச்சோ? கல்லு கில்லு கெடந்துச்சோ? எங்க வீட்டுக்காரர் வேற மாதிரி சொல்றாரு." குரல் இறங்கியது. "கண்ணாடிக்கடைக்காரர் உங்களுக்கு மாசாமாசம் ஏதோ குடுக்கறாராம்."

விசாரணையக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது. "யாரு, நானா? அந்தக் கடையில ஒரு டீ ஓசியில குடிச்சதில்ல நான்! பாத்தவங்க யாராச்சும் இருந்தா வரச்சொல்லு!" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து ஜன்னலில் சீட்டுக் கிழிப்பவர் எட்டிப் பார்த்தார். கத்தி முடித்த பிறகுதான் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடும் நாத்தனார் கேட்ட ஆதாரமும் ஞாபகம் வந்தன.

யோசித்துப் பார்த்தாள். முன்பு அவள் சொன்ன மூன்றில் தகரக்கடையும் ஒன்று. கூரை பறந்தபோது மூடிய கடையைச் சொல்லி ஜனத்தை அலைக்கழிக்க வேண்டாமென்று எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மாடிக்கடையைப் போட்டாள். நாற்பது நாளில் வாய்க்கு அது பழகிவிட்டது. தகரக்கடை திறந்ததும் தெரியும், கேரியர் வந்ததும் தெரியும். திருப்பிச் சேர்க்கவேண்டும் என்று தோன்றவே இல்லை.

"கோவமெல்லாம் ஒண்ணுமில்லம்மா. மறந்துட்டேன்."

"மறந்துட்டீங்களா?"

"ஆமா. சத்தியமா அவ்ளோதான்."

தகரக்கடைக்காரி முகத்தில் நிம்மதி வரும் என்று பார்த்தாள். வரவில்லை. "கோவம்னாக்கூடப் பரவால்லக்கா. கால்ல விழுந்தாவது கேட்டிருப்பேன்" என்று சொல்லிவிட்டு அவள் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள். பின்னால் நின்றவர் குனிந்து, "எட்டாம் நம்பரு எங்க நிக்கும்மா?" என்றார். "நாலாவது மேடை" என்றது இவள் வாய். அன்றைக்கு மிச்சப் பொழுதெல்லாம் வாய் மட்டும்தான் வேலை பார்த்தது.

வீட்டுக்கு வந்தபோது ஹீட்டர்காரர் முற்றத்தில் தாளை விரித்து, கழற்றிக்கொண்டுவந்த காயிலில் படிந்திருந்த உப்பைத் திருப்புளியால் தட்டிக்கொண்டிருந்தார். வெள்ளை வெள்ளையாக உதிர்ந்தது. அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்.

"அதுக்கு நீ ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டிருக்க? நீ எங்க, அந்தத் தேடற கம்பெனிக்காரங்க எங்க? அவங்க உலகத்துக்கே பதில் சொல்றவங்க."

"நான் இந்தப் பஸ் ஸ்டாண்டுக்குச் சொல்றேன். அவளுக்கு இதுதானே உலகம்."

"நீ காசு வாங்கினியா?"

"என்ன கேள்வி கேக்கறீங்க?"

"வாங்கலன்னு எனக்குத் தெரியும்."

"உங்களுக்குத் தெரியும். அவளுக்கு எப்படித் தெரியும்? அவ புருஷன் அடிச்சுச் சொல்றாராம், நான் வாங்கிட்டேன்னு. நீங்க ஞாயித்துக்கிழமை சொன்ன அதே வார்த்தைங்க."

திருப்புளி நின்றது. மழைத்தண்ணீர் ஓட்டின் விளிம்பிலிருந்து வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது.

"அவங்களும் மறந்திருக்கலாம்ல?" என்றாள். "நடுவுல உங்க பக்கம் ரெண்டு மாசம் தெறக்காமக் கெடந்துச்சே, பணம் கட்டற தேதி தாண்டிப் போச்சுன்னு. அப்ப எடுத்துட்டு, அப்புறம்..."

"மறந்துட்டாங்கன்னு மட்டும் சொல்லாத!" ஹீட்டர்காரர் குரல் உடைந்தது. "மறைச்சாங்கன்னா நான் எழுதினது எவனுக்கோ குத்தியிருக்குன்னு அர்த்தம். எவனோ படிச்சிருக்கான், பயந்திருக்கான். மறந்துட்டாங்கன்னா? ஒருத்தனும் ஏறெடுத்துப் பாக்கலன்னுதானே அர்த்தம்? பதினோரு வீடுடி. அந்தாளு போன்ல அழுதாரே, அந்த மாதிரி இன்னும் எத்தனை வீட்டுல பச்சை ஒயரு மடிஞ்சு கெடக்கோ!"

அவள் அவருடைய உப்புப் படிந்த கையைப் பிடித்துக்கொண்டாள். இருபது வருஷத்தில் இவர் அழுது பார்த்ததில்லை. இப்போதும் அழவில்லை, மூக்கை மட்டும் தோளில் துடைத்துக்கொண்டார். பாவமாக இருந்தது அவளுக்கு. இரண்டு நாளாக அவர் கோபப்படுகிறார் என்றே நினைத்திருந்தாள்.

பிறகு அவரே கேட்டார். "அந்தப் பொண்ணு வந்து கேட்டா. நீ இன்னதுன்னு சொல்லிட்ட. இல்லையா?"

"ஆமா."

"நான் யார்கிட்ட போய்க் கேக்கறது?"

உள்ளேயிருந்து நாத்தனார்தான், "அண்ணா, இதைத்தான் மனுவுல எழுதணும். இதுக்கு நோட்டீஸ் வராது" என்று குரல் கொடுத்தாள். ஒட்டுக்கேட்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

மறுநாள் மத்தியானம் விசாரணையக்கா டிபன்பாக்ஸை மூடி வைத்துவிட்டுத் தகரக்கடைக்குப் போனாள். சாப்பிட்டுப் பார்க்காமல் ஒரு கடையைச் சொல்லக்கூடாது என்பது அவள் கொள்கை. பெஞ்சு துடைத்துச் சுத்தமாக இருந்தது. சூடான சோறு, கத்திரிக்காய்க் குழம்பு, ஒரு பொரித்த முட்டை. தகரக்கடைக்காரி தூணைப் பிடித்துக்கொண்டு அவள் வாயையே பார்த்தாள்.

"குழம்புல உப்பு ஒரு கல்லு கம்மி."

"பயந்து பயந்து போடறேன்க்கா, ரெண்டு வருஷமா."

"இனிமே பயப்படாமப் போடு" என்று சொல்லிக் காசைக் கொடுத்துவிட்டு வந்தாள். வந்து உட்கார்ந்ததும்தான் சிக்கல் தெரிந்தது. இப்போது நான்கு கடை. மூன்றுக்கு மேல் சொன்னால் எவனுக்கும் நினைவிருக்காது. மாடிக்கடையை எடுத்தால் நாளைக்கு மாடிக்கடைக்காரர் இதே ஜன்னலில் வந்து நிற்பார். ஒரு டீ குடிக்கிற நேரம் யோசித்து, தினமும் ஒரு கடையை விட்டுவிட்டு மூன்றைச் சொல்வது என்று முறை வைத்தாள். எந்தக் கடைக்கு என்றைக்கு ஓய்வு என்று ஒரு அட்டையில் எழுதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகினாள். இன்றைக்கு மாடிக்கடைக்கு ஓய்வு, நாளைக்குக் கண்ணாடிக்கடைக்கு.

அன்று சாயங்காலம் மனு தயாரானது. ஹீட்டர்காரர் நடந்துகொண்டே சொல்ல, நாத்தனார் அடித்தாள். கம்பெனிப் பெயர் போயிற்று. காசு வாங்கினார்கள் என்பதும் போயிற்று. தணிக்கை என்ற வார்த்தையை மட்டும் அவர் விடமாட்டேன் என்றார்.

"அது தப்பான வார்த்தைண்ணா."

"தப்புன்னு உனக்கு எப்படித் தெரியும்? சரின்னு எனக்கும் தெரியல. அதையே எழுது."

அப்படியே எழுதினாள். 'எங்கள் எச்சரிக்கையைப் பின்னால் தள்ளியதைத் தணிக்கை என்று சொல்வதா வேண்டாமா என்று எங்களுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வழி வைக்காததுதான் எங்கள் குறை. யார் காசு கொடுத்து முன்னால் வந்தார்கள் என்பதை எழுதிப் போடுங்கள். பின்னால் போனவன் ஏன் என்று வந்து கேட்டால் பதில் சொல்ல ஒரு மனுஷனை உட்கார வையுங்கள்.' கடைசி வரியை அவர் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

வியாழக்கிழமை கூட்டம் முடிந்து அவர் ஆறரை மணிக்கெல்லாம் தெப்பலாக நனைந்து வந்தார். அவள் துண்டை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"கை தட்டினாங்களா?"

"கையெல்லாம் தட்டல. கேள்வி கேட்டாங்க!" தலையைத் துவட்டிக்கொண்டே சிரித்தார். "அரை மணி நேரம் நின்னு பதில் சொன்னேன்டி. பம்புக்காரரு சொல்றாரு, போன்ல தேடினா அவரு கடையும் கீழ போயிருச்சாம், தனக்கு மட்டுந்தான் இப்படின்னு வெளிய சொல்ல வெக்கப்பட்டுட்டு இருந்தாராம். நாப்பது பேரும் கையெழுத்துப் போட்டாங்க. பச்சை ஒயரு சங்கதியைத் துண்டுத்தாள்ல அச்சடிச்சுக் குடு, போற வீட்டுலயெல்லாம் ஹீட்டர் பக்கத்துல ஒட்டிட்டு வரோம்னு ஏசிக்காரரு சொன்னாரு. எல்லாரும் சரின்னுட்டாங்க."

"இதுல எந்தப் பக்கத்துல எத்தனாவதா வரும்னு பயமில்ல" என்றாள் நாத்தனார். சொல்லிக்கொண்டே தன் போனில் தேடினாள். "அண்ணா, நாலாவது பக்கத்துக்கு வந்திருக்க!"

"நாலாவதா? ஏன்?"

"யாருக்குத் தெரியும்?"

"ஏன்னு சொல்லாம கீழ போடறான், ஏன்னு சொல்லாம மேல தூக்கறான்!" என்று ஹீட்டர்காரர் எரிந்து விழுந்தார். ஆனாலும் அன்று இரண்டு தட்டுச் சோறு உள்ளே போயிற்று.

வெள்ளிக்கிழமை மழை விட்டிருந்தது. பஸ்கள் வெயிலில் ஆவி பறக்க நின்றன. பதினொரு மணிக்குக் கூட்டத்தை முழங்கையால் இடித்துக்கொண்டு கண்ணாடிக்கடை முதலாளி வந்தார். பெரிய உடம்பு. ஓட்டைக்குக் குனிய மூச்சு வாங்கியது.

"ஏன் தங்கச்சி, நேத்து நீ என் கடைப் பேரையே எடுக்கலியாமே? எதிர்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன், உன் ஜன்னல்ல இருந்து கெளம்பினவன் பூரா தகரக்கடைப் பக்கம் திரும்பினான்! பம்புக்காரரு காலையில டீ குடிக்கறப்ப சொன்னாரு, உன் வீட்டுக்காரரு சங்கத்துல ஏதோ படிச்சாராமே. அதுக்குப் பேரு என்ன... ஆங், தணிக்கை! அதைத்தான் நீ எனக்குப் பண்ற!"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. கோபத்தைக் காட்ட வேண்டிய இடம்தான், வரவில்லையே!

"இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்கண்ணே. ஏன்னு சொல்றேன்." அட்டையை உருவிக் கண்ணாடியில் ஒட்டினாற்போல் பிடித்துக் காட்டினாள். மூன்று ஏன், நாலாவது யார், முறை எப்படி என்று விளக்கினாள். அவர் விரலால் கட்டம் கட்டமாகத் தொட்டுப் படித்தார்.

"நேத்து எனக்கு ஓய்வு. இன்னிக்கு?"

"இன்னிக்கு உங்க பேருதான் முதல்ல."

"ம்... நியாயந்தான். ஆனாலும் வயிறு எரியுது தங்கச்சி."

"எரியட்டும்ணே, வயசுக்கு நல்லது."

இரண்டடி போனவர் திரும்பிவந்தார். இம்முறை குரல் தாழ்ந்திருந்தது. "வேற ஒண்ணும் கோவமில்லையே?"

"கோவமில்லண்ணே. மறக்கவும் இல்ல."

அவர் தலையாட்டிவிட்டு, வரும்போது தான் இடித்துத் தள்ளிய அத்தனை பேருக்கும் வழிவிட்டு, நிதானமாக நடந்துபோனார்.

சாயங்காலம் வீட்டு முற்றத்தில் துண்டுத்தாள்கள் அச்சாகி வந்து கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தன. ஹீட்டர்காரர் அவற்றை நாற்பது பங்காகப் பிரித்துக்கொண்டிருந்தார். அவள் கண்ணாடிக்கடைக்காரர் வந்த கதையை அவர் மாதிரியே மூச்சு வாங்கிச் சொல்லிக் காட்டினாள். அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நாத்தனார் உள்ளேயிருந்து சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு ஹீட்டர்காரர் கையிலிருந்த தாள்களைத் தட்டி ஒழுங்குபடுத்தினார்.

"அப்ப, ஏன் அவரை விட்டோம்னு நேர்லயே சொல்லிட்ட?"

"ஆமா. அட்டையைக் காட்டினேன்."

"கோவமில்லன்னும் சொல்லிட்ட?"

"சொன்னேன்."

"கொடுத்து வெச்ச மனுஷன்" என்றார் ஹீட்டர்காரர்.